ஸ்டோனி பெண்டில் மிச்சமிருந்த ஒரு ஓட்டு

ஆளுநர் ஹாலொரன் வானொலியில் பேசிக்கொண்டிருந்தபோது எர்லீன் சாலமன் ஒரு போர்வையைச் சலவை இயந்திரத்துக்குள் திணித்துக்கொண்டிருந்தாள். தடித்த போர்வை, மடங்க மறுத்தது. முழங்காலை வைத்து ஓர் அழுத்து அழுத்தித்தான் கதவைச் சாத்த வேண்டியிருந்தது.

ஆறு உறையத் தொடங்கியிருந்த வாரம் அது. யூக்கான் ஆற்றில் பனிப்பாளங்கள் ஒன்றோடொன்று உரசி நாளெல்லாம் கரகரவென்று அரைத்துக்கொண்டிருந்தன. படகும் விட முடியாது, பனிவண்டியும் ஓட்ட முடியாது. வேட்டைக்காரன், வலைக்காரன், பொறி வைக்கிறவன் எல்லாரும் ஊரிலேயே முடங்கிக் கிடக்கிற அந்தச் சில வாரங்களில் ஸ்டோனி பெண்ட்காரர்களுக்குக் குளிக்கவும் துவைக்கவும் வம்பளக்கவும் பொதுச் சலவைக் கூடம் ஒன்றே கதி. அன்று நல்ல கூட்டம். ஆளுநரின் குரலோ நான்கு வருஷமாகக் கேட்டுப் பழகிய குரல். அது பாட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தது. யாரும் காது கொடுக்கவில்லை.

முதலில் கையைத் தூக்கியது பாலின். அந்த ஊரின் தபால் நிலையமும் அவள்தான், விமானத்துக்கு ஆள் அனுப்புகிற ஏஜெண்டும் அவள்தான். எந்தச் செய்தியும் தன்னைத் தாண்டிப் போகக்கூடாது என்பது அவள் கொள்கை. "சும்மா இருங்க கொஞ்சம்," என்றாள்.

மூன்று பேர் நிற்கிற ஆளுநர் தேர்தலில் தான் மூன்றாவதாகத்தான் வரமுடியும் என்பது இப்போது தெளிவாகிவிட்டது என்றார் ஆளுநர். தான் நின்றால் ஓட்டுப் பிரியும், பிரிந்தால் மாநிலத்துக்குக் கெடுதல் என்றார். ஆகவே இந்த நிமிஷமே தேர்தலிலிருந்து விலகிக்கொள்கிறேன், என்னை நம்பியவர்கள் தயவுசெய்து போட்டியிலிருக்கிற மெரிக்குக்கு வாக்களியுங்கள் என்றார். அப்புறம் தன் மனைவிக்கு நன்றி சொன்னார். அப்புறம் பாட்டுப் போட்டுவிட்டார்கள்.

பொறி வைக்கிற கிழவர் ஒருவர் தலையைத் துவட்டிக்கொண்டே குளியலறையிலிருந்து வெளியே வந்தார்.

"என்ன ஆச்சு? யாரு விலகிட்டா?"

"ஆளுநர்."

"எதுலேருந்து?"

"தேர்தல்லேருந்துதான். பின்ன என்ன, குளியல்லேருந்தா?"

கூடத்திலிருந்த அத்தனை முகங்களும் மெல்லத் திரும்பி எர்லீனைப் பார்த்தன. அவள் கையில் சோப்புத் தூள் கோப்பை. ஏற்கெனவே ஒரு தடவை சோப்பு போட்டாயிற்று என்பது நினைவில்லாமல் மறுபடியும் கொட்டினாள். சற்று நேரத்தில் இயந்திரத்தின் வாயிலிருந்து நுரை பொங்கித் தரையில் வழிந்தது. அதைத் துடைக்க யாரும் எழவில்லை.

எல்லாரும் அவளைப் பார்த்ததற்குக் காரணம் இருந்தது. அந்த ஊரின் நாற்பது சொச்சம் ஓட்டு முந்தின வாரமே தபாலில் போய்விட்டது. அத்தனையும் ஹாலொரனுக்கு. போட வைத்தவள் எர்லீன்.

*

அவள் அரசியல்காரி அல்ல. ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சமையல்காரி. பதினோரு பிள்ளைகள், இரண்டு ஆசிரியர்கள், ஒரு அடுப்பு. காலையில் ஓட்ஸ் கஞ்சி, மத்தியானம் அரசாங்கம் அனுப்புகிற உறைந்த பொட்டலங்களில் ஏதாவது ஒன்று. யாராவது மூஸ் மான் சுட்டுவந்து ஒரு தொடையைக் கொடுத்தால் அன்று பிள்ளைகளுக்குத் திருவிழா. தேர்தல் வந்தால் சமுதாயக் கூடத்தில் வாக்குச்சாவடி மேஜை போட்டு உட்காருகிறவளும் அவளே. அவளும் பாலினும். எழுத்து நன்றாக இருக்கும், கணக்குப் பிசகாது என்று யாரோ எந்தக் காலத்திலோ சொல்லி உட்காரவைத்தது. அதற்கப்புறம் வேறு யாரையும் யாரும் கேட்கவில்லை.

அந்த எழுத்தும் கணக்கும் அவளுக்கு இலவசமாக வரவில்லை. அவள் சிறுமியாக இருந்தபோது ஸ்டோனி பெண்டில் பள்ளிக்கூடமே கிடையாது. கோடை முடியும்போது ஆற்றில் ஒரு மிதவை விமானம் வந்து இறங்கும். கோட்டுப் போட்ட ஒரு மனிதர் இறங்கி வருவார். படிக்கிற வயதுப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போவார். மலைகளையும் கடலையும் தாண்டி எங்கேயோ ஒரு விடுதிப் பள்ளி. அடுத்த கோடையில்தான் திரும்பி வரமுடியும். சில பிள்ளைகள் திரும்பவே இல்லை. நகரத்திலேயே எங்கோ கரைந்துபோனார்கள்.

எர்லீனின் முறை வந்த வருஷம் அவளுடைய அண்ணன் ஆர்விலும் போக வேண்டியவன். விமானத்தின் சத்தம் கேட்டதும் அவன் மீன் புகைபோடும் குடிசைக்குள் ஓடி, தொங்கிக்கொண்டிருந்த சால்மன் வரிசைகளுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டான். எர்லீன் பார்த்தாள். கோட்டுக்காரர் அவளிடம் உன் அண்ணன் எங்கே என்று கேட்டார். மேலாற்று மீன்பிடி முகாமுக்குப் போயிருக்கிறான் என்று கண்ணைச் சிமிட்டாமல் சொன்னாள். பிறகு தன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தனியாக ஏறினாள்.

படித்துத் திரும்பியபோது அம்மாவின் பேச்சில் பாதி அவளுக்குப் புரியவில்லை. மீன் அறுக்கத் தெரியவில்லை. உள்ளூர்ப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். ஆர்வில் சிரிக்கவில்லை, பேசவும் இல்லை. அந்தக் குடிசையைப் பற்றி அண்ணனும் தங்கையும் வாழ்நாளில் ஒரு தடவைகூட வாய்திறந்ததில்லை. ஊருக்கு முன்பின் தெரியாத விமானம் வந்தால் சின்னது பெரியது எல்லாம் ஓடுதளத்துக்கு ஓடும். ஆர்வில் மட்டும் போகமாட்டான். எழுபதை நெருங்கியும் அந்தப் பழக்கம் மாறவில்லை.

பிற்பாடு வழக்குப் போட்டு, போராடி, ஊருக்கு ஒரு பள்ளிக்கூடம் வந்தது. எர்லீன் அதன் அடுப்படிக்குப் போனவள்தான், அங்கேயே நின்றுவிட்டாள். அவளுடைய இரண்டு பிள்ளைகளும் ராத்திரி தங்கள் சொந்தக் கட்டிலில் தூங்கிப் படித்த பிள்ளைகள். தன் வாழ்க்கையில் பெருமையாகச் சொல்லிக்கொள்ள அவளுக்கு இருந்தது அது ஒன்றுதான்.

அந்தப் பள்ளிக்கூடத்தின் கழுத்தில்தான் இந்தத் தேர்தல் கயிறு விழுந்திருந்தது. இருபத்தைந்து பிள்ளைகள் இல்லாத பள்ளிக்கெல்லாம் பணம் கிடையாது, மூடிவிடலாம் என்று மேடைக்கு மேடை பேசிக்கொண்டிருந்தார் ஸ்டாட். ஒரு பெரிய கட்சியின் ஆள். இன்னொரு பெரிய கட்சியின் மெரிக் மூடமாட்டேன் என்றார். நடுவில் எந்தக் கட்சியும் இல்லாத ஹாலொரன். போன தடவை சுயேச்சையாக நின்று எல்லாரையும் வாய்பிளக்க வைத்து ஜெயித்தவர். அவரும் மூடமாட்டேன் என்றார்.

மெரிக்கை ஸ்டோனி பெண்டில் யாருக்கும் தெரியாது. ஹாலொரனைத் தெரியும். பதவியேற்ற இரண்டாம் வருஷம் வேறெங்கோ போகிற வழியில் மூடுபனி பிடித்துக்கொண்டு அவருடைய விமானம் இங்கே இறங்கிவிட்டது. பனி விலகும்வரை பள்ளிக்கூடத் தரையில் தூக்கப்பை விரித்துப் படுத்தார். எர்லீன் வைத்த மூஸ் சூப்பை இரண்டு தடவை கேட்டு வாங்கிக் குடித்தார். குடித்த கிண்ணத்தைத் தானே கழுவினார், சுமாராக. அவர் போனபிறகு எர்லீன் அதை மறுபடி கழுவ வேண்டியிருந்தது. ஆனாலும் கழுவின ஆளுநர் கழுவின ஆளுநர்தானே. இந்தப் பள்ளியைக் காப்பாற்றுவேன் என்று அவள் கையைப் பிடித்துச் சொல்லிவிட்டுப் போனார்.

ஆகவே இந்தத் தடவை அவள் ஒரு முடிவோடு இருந்தாள். ஆறு உறைகிற காலத்தில் வருகிற தேர்தலை அந்த ஊர் நம்பாது. முன்பொரு தடவை மூடுபனியில் விமானம் வராமல் ஓட்டுச்சீட்டுக் கட்டே தேர்தல் முடிந்தபிறகுதான் வந்து சேர்ந்தது. அதனால் ஆறு உறையுமுன் மீனைக் காயவை, விறகை அடுக்கு, ஓட்டைப் போடு என்பது அங்கே ஒரு வழக்கமாகவே ஆகியிருந்தது. எர்லீன் அதை வீடு வீடாகப் போய் முடுக்கிவிட்டாள். எல்லாருக்கும் தபால் ஓட்டுக்கு எழுதிப் போட்டாள். சீட்டுகள் வந்து இறங்கியதும் தன் வீட்டு அடுப்படியில் காப்பி போட்டு, பைலட் பிஸ்கட் என்கிற கெட்டி ரொட்டியில் வெண்ணெய் தடவி வைத்து, ஒவ்வொருவரையும் கூப்பிட்டு உட்காரவைத்தாள். யாருக்குப் போடவேண்டும் என்பதை அவள் மறைக்கவில்லை. நம்ம சமையலைச் சாப்பிட்ட மனுஷனுக்குப் போடு என்றாள். அடுத்த தபால் விமானத்தில் உறைகள் பறந்தன. அவள் ஓடுதளத்தில் நின்று கையசைத்து வழியனுப்பினாள்.

ஒருவன் மட்டும் போடவில்லை. ஆர்வில்.

ஹாலொரன்மேல் அவனுக்குக் கடுப்பு. மாநிலம் எண்ணெய் வருமானத்திலிருந்து வருஷாவருஷம் ஆளுக்குக் கொடுக்கிற பங்குப் பணத்தை அவர் பாதியாக வெட்டியிருந்தார். படகுக்கு இயந்திரம் வாங்க அதைத்தான் நம்பியிருந்தான் ஆர்வில். முழுசாகத் தருகிறேன் என்றவர் ஸ்டாட். "நான் தேர்தல் அன்னிக்கு வந்து கூடத்துல போட்டுக்குவேன்," என்று தங்கையிடம் சொல்லியிருந்தான். "மூஸைச் சுடறதுக்கு முன்னாடியே கறியைப் பங்கு போடற வழக்கம் எனக்குக் கிடையாது."

*

ஆளுநர் விலகிய மறுநாள் எர்லீன் ஃபேர்பேங்க்ஸ் நகரத்திலிருந்த தேர்தல் அலுவலகத்துக்குத் தொலைபேசினாள். மறுமுனையில் ஒரு இளம்பெண், தன்மையான குரல். அனுப்பிய உறைகளைத் திருப்பித் தரமுடியாதா என்று கேட்டாள் எர்லீன். வந்து சேர்ந்த ஓட்டு போட்ட ஓட்டுதான் அம்மா என்றாள் அவள். ஆளே விலகிவிட்டாரே என்றாள் எர்லீன். சீட்டில் அவர் பேர் அச்சாகிவிட்டது, அவருக்கு விழுந்ததை அவருக்கென்றே எண்ணுவோம் என்றாள். எண்ணி என்ன செய்வீர்கள் என்று எர்லீன் கேட்டாள். மன்னிக்கணும் அம்மா என்றாள் அந்தப் பெண். உண்மையாகவே வருத்தப்பட்டது போலத்தான் இருந்தது.

ஊர் அவளைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம். பள்ளிக்குப் பிள்ளையைக் கொண்டுவந்து விடுகிற தாய்மார் வழக்கம்போல் தலையாட்டிவிட்டுப் போனார்கள், ஒரு கணம் அதிகமாக அவள் முகத்தைப் பார்த்துவிட்டு. ஒருத்தி மட்டும், மூன்று பிள்ளைக்காரி, வாசலிலேயே நின்றாள். பள்ளி மூடினால் நாங்கள் ஃபேர்பேங்க்ஸ் போய்விடுவோம், என் வீட்டுக்காரர் இப்போதே தங்கையிடம் வீடு பார்க்கச் சொல்லிவிட்டார் என்றாள். குற்றம் சொல்கிற குரலே இல்லை. எர்லீன் கஞ்சியைக் கிளறிக்கொண்டே கேட்டாள். கஞ்சி அடிப்பிடித்தது. இத்தனை வருஷத்தில் அதுதான் முதல் தடவை.

ஸ்டாட் ஜெயிப்பதோ தோற்பதோ நாற்பது ஓட்டில் இல்லை என்று அவளுக்கும் தெரியும். ஆனால் நாற்பதும் தன் அடுப்படியில், தன் காப்பியைக் குடித்துவிட்டுப் போடப்பட்டவை. பள்ளிக்கூடத்துக்காக என்று சொல்லி வாங்கி, பள்ளிக்கூடத்துக்கு உதவாத இடத்தில் கொண்டுபோய்க் கொட்டியாயிற்று. படிக்கட்டில் இல்லாத படியை மிதித்தவளைப் போல, ஒவ்வொரு நாளும் விடியலில் கண் விழித்ததும் ஒரு கணம் விழுந்துகொண்டிருந்தாள்.

"இன்னும் ஒண்ணு மிச்சமிருக்கில்ல," என்றாள் பாலின், தபால் பையை உதறிக்கொண்டே.

"எது?"

"ஆர்வில் ஓட்டு. இந்த ஊர்ல இப்ப உயிரோட இருக்கறது அது ஒண்ணுதான்."

*

அவள் போனபோது ஆர்வில் வீட்டு வாசலில் பனிவண்டியின் சங்கிலிப் பட்டையைக் கழற்றிப் போட்டுக்கொண்டிருந்தான். நிமிரவில்லை. காலை மாற்றி மாற்றி நின்றாள்.

"காப்பி குடிக்கறியாண்ணே?"

"உன் காப்பி குடிச்சவன் கதியெல்லாம் பார்த்தேன். வேணாம்."

அவள் அந்தக் குத்தலை வாங்கிக்கொண்டாள். அவன் இன்னும் கொஞ்சம் சொன்னான். கட்சி இல்லாதவனை நம்பாதே என்று அப்பவே சொன்னேன், கட்சிக்காரன் ஓடினால் பிடித்துவைக்க நாலு பேராவது இருப்பான், தனியாள் கதவைச் சாத்திவிட்டுப் போய்க்கொண்டே இருப்பான் என்றான். பாதிப் பணம் போயிற்று, இப்போது ஆளும் போயிற்று என்றான். எல்லாம் அவள் வாழ்நாளெல்லாம் கேட்கிற குரல்தான்.

"யாருக்குப் போடுன்னு நான் கேக்க வரல," என்றாள்.

"கேக்கக் கூடாது. மேஜைல உக்கார்றவ நீ."

"தெரியும்."

"அடுப்படில காப்பி ஊத்தினப்போ தெரியலையாக்கும்."

ஆர்வில் கையைத் துணியில் துடைத்தான். அவன் குரல் கொஞ்சம் இறங்கியது.

"நான் வர்றதே சந்தேகம்தான். பெட்டில ஒரே சீட்டு. நீதான் பிரிக்கப்போறே, நீதான் எழுதிக் கதவுல ஒட்டப்போறே. ஆர்வில் யாருக்குப் போட்டான்னு நாய்க்கும் தெரியும். அதுக்குப் பேரு ரகசிய ஓட்டா?"

அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. ஊரையே முன்கூட்டிப் போடவைத்து, அண்ணனை நடுக்கூடத்தில் தனியாக நிறுத்திவிட்டோம் என்று. அதைக்கூட யோசிக்காமல்தான் இத்தனை காரியமும் செய்திருக்கிறாள். வந்த வழியே திரும்பினாள். மூலையில் அந்தப் பழைய புகைக் குடிசை, கூரை சாய்ந்து, பனி மூடி நின்றது. ஆர்வில் புதிதாக ஒன்று கட்டிக்கொண்ட பிறகும் அதை இடிக்கவில்லை.

*

தேர்தல் நாளன்று எர்லீனும் பாலினும் சமுதாயக் கூடத்தைத் திறந்து, அடுப்பைப் பற்றவைத்து, அட்டை மறைப்பை நிறுத்தி, காலிப் பெட்டியைத் திறந்து காட்டிப் பூட்டினார்கள். காட்டியது ஒருவருக்கொருவர்தான்.

ஓட்டுப் போட வேண்டியவன் ஒருவன். ஆனால் பொழுது விடிந்ததும் ஊர் முழுக்கக் கூடத்துக்கு வந்து உட்கார்ந்துவிட்டது. சிலர் சீட்டு விளையாட என்று சொன்னார்கள். சிலர் அடுப்புக் கதகதப்புக்கு என்றார்கள். ஒருத்தி பின்னல் வேலையோடு வந்தாள், பின்னவே இல்லை. கதவு திறக்கும்போதெல்லாம் எல்லாத் தலையும் திரும்பியது. யார் யாரோ வந்தார்கள், ஒருவன் தன் நாயைத் தேடிக்கொண்டு. ஆர்வில் வரவில்லை. மத்தியானம் போய், சின்ன வெளிச்சமும் மங்கத் தொடங்கியது. ஸ்டாட்டுக்குப் போட வெட்கப்பட்டுக்கொண்டு வீட்டிலேயே இருக்கிறான் என்றார் பொறிக்காரக் கிழவர். வெட்கமா, ஆர்விலுக்கா என்றாள் பின்னாதவள்.

கதவு திறந்தது. ஆர்வில் நல்ல சட்டை போட்டிருந்தான். கூட்டத்தை ஒரு முறை சுற்றிப் பார்த்தான்.

"யாரு செத்தா?" என்றான்.

பாலின் எழுந்தாள். வேலையில்லாதவர்கள் எல்லாம் வெளியே போங்கள், இது வாக்குச்சாவடி என்று ஒரு அதட்டு. முணுமுணுத்துக்கொண்டே போனார்கள். போய், சன்னலுக்கு வெளியே நின்றார்கள்.

எர்லீன் பெயர்ப் புத்தகத்தைத் திருப்பிவைத்தாள். "உங்க பேரு?" என்று கேட்டாள். சட்டம் அப்படி.

"உங்கப்பன் வச்ச பேருதான்," என்றபடி அவன் கையெழுத்துப் போட்டான், மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாக. சீட்டை வாங்கிக்கொண்டு மறைப்புக்குப் பின்னால் போனான்.

அவன் எழுத்துக்கூட்டிப் படிப்பவன் என்பது எர்லீனுக்குத் தெரியும். உதவ எழுந்து போகக்கூடாது என்பதும் தெரியும். மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"ஹாலொரன் பேரு இருக்கே," என்றது மறைப்புக்குப் பின்னாலிருந்து குரல்.

"அச்சடிச்சாச்சுண்ணே. எடுக்க முடியாதாம்."

"அப்ப ஊருக்குத்தான் விலகியிருக்காரு. சீட்டுல இருக்காரு."

மடித்த சீட்டைப் பெட்டியில் போட்டான். அது அடியில் போய் விழுந்த சத்தம் கேட்டது. காலிப் பெட்டி. தொப்பியை மாட்டிக்கொண்டு யாரையும் பார்க்காமல் போய்விட்டான்.

நேரம் முடிந்ததும் இருவரும் பெட்டியைத் திறந்தார்கள். பாலின் தலைகீழாகப் பிடித்து உலுக்கினாள், வேறு ஏதாவது இருந்துவிடப்போகிறது என்பதைப் போல. ஒரே சீட்டு. எர்லீன் பிரித்தாள். ஸ்டாட் என்று வாசிக்கத் தன்னைத் தயார்செய்துகொண்டிருந்தாள். வட்டம் கருப்பாக, காகிதம் பொத்துப்போகிற அளவுக்கு அழுத்தி நிரப்பியிருந்தது. மெரிக்.

அவள் மறுபடி பார்த்தாள். சீட்டைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தாள்.

"இது அவன் சீட்டுதானா?" என்றாள் பாலின்.

"வேற யாரோடது?"

"பணம் முழுசா வேணும்னு தொண்டை கிழியக் கத்தினானே. படகுக்கு இயந்திரம்?"

எர்லீன் சீட்டை மேஜைமேல் வைத்து நீவினாள். பள்ளிக்கூடத்துக்குள் இன்றுவரை ஒரு தடவைகூடக் காலெடுத்து வைக்காத மனுஷன். பள்ளி என்றாலே தங்கையைக் கொண்டுபோன சனியன் என்று நினைத்தவன். ஊரில் பள்ளி இல்லையென்றால் என்ன வரும் என்று அந்த நாற்பது பேரில் அவனைப் போல யாருக்கும் தெரியாது. விமானம் வரும். அவள் உட்கார்ந்துவிட்டாள். தொலைபேசியில் முடிவைச் சொன்னது பாலின். மெரிக் ஒன்று, மற்றவர்களுக்கு ஒன்றுமில்லை. ஒன்றுதானா என்று மறுமுனை கேட்டது. ஒன்றுதான் என்றாள் பாலின், கொஞ்சம் விறைப்பாக.

*

ஸ்டாட் ஜெயித்துவிட்டார். நல்ல வித்தியாசத்தில். மறுநாள் காலை வானொலி சொன்னபோது சலவைக் கூடத்தில் யாரோ எழுந்து அதை அணைத்தார்கள். மாநிலம் முழுக்க எண்ணியதில் விலகிப்போன ஆளுநர் முன்னணியில் வந்த ஊர்கள் இரண்டோ மூன்றோ என்று பிற்பாடு தெரிந்தது. ஸ்டோனி பெண்ட் அதில் ஒன்று.

எர்லீன் சமுதாயக் கூடத்தைப் பூட்டப் போனபோது ஆர்வில் அங்கே கதவில் ஒட்டியிருந்த தாளின் முன்னால் நின்றுகொண்டிருந்தான். விரலை வைத்துப் படித்தான்.

"யாரோ ஒருத்தன் மெரிக்குக்குப் போட்டிருக்கானே," என்றான். "யாரு அது?"

"தெரியலண்ணே. ரகசிய ஓட்டு."

அவன் தலையாட்டினான். அவள் சாவியைப் பூட்டில் திருப்ப முடியாமல் திருப்பிக்கொண்டிருந்தாள். அவன் சாவியை வாங்கிப் பூட்டிக் கொடுத்தான். அந்தச் சீட்டைப் பற்றி அதற்குமேல் அவர்கள் பேசவில்லை, குடிசையைப் பற்றிப் பேசாததைப் போலவே.

ஆனால் அந்தக் குளிர்காலத்தின் நடுவில் பள்ளிகளை மூடுகிற மசோதா சட்டசபைக்கு வந்தது. அந்த மசோதா அந்த வருஷம் பரிசீலனைக் குழுவிலேயே கிடந்து செத்தது. அடுத்த வருஷம் வேறு பேரில் எழுந்தது. இன்னும் அது சாவதும் எழுவதுமாகத்தான் இருக்கிறது. அந்த முதல் தடவை, ஊர்க்காரர்கள் தொலைபேசி வழியாகவே தங்கள் கருத்தைச் சொல்லலாம் என்றார்கள். ஆளுக்கு இரண்டு நிமிஷம். பள்ளிக்கூட அடுப்படியில், சூப்புக் கொதிக்கிற வாசனையில், ஊர் கூடி நின்றது. தாய்மார் பேசினார்கள். ஆசிரியர் பேசினார். எர்லீன் பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

அப்போது கதவைத் தள்ளிக்கொண்டு ஆர்வில் உள்ளே வந்தான். முதல் தடவையாக. குழந்தைகள் வரைந்து ஒட்டியிருந்த படங்களையும், சின்னச் சின்ன நாற்காலிகளையும், கடைசியாக அடுப்பையும் பார்த்தான். பிறகு எர்லீனின் கையிலிருந்து தொலைபேசியை வாங்கினான். பேர் சொல்லுங்கள் என்றது தலைநகரத்துக் குரல். பேரைச் சொன்னான். அப்புறம் ஒன்றும் சொல்லவில்லை. சூப்பு கொதித்தது. நிமிஷம் ஓடிக்கொண்டிருந்தது.

"ஐயா, லைன்ல இருக்கீங்களா?" என்றது குரல்.

"இருக்கேன்," என்றான் ஆர்வில். "அன்னிக்கு ப்ளேன் வந்தப்போ நான் ஒளிஞ்சுக்கிட்டேன். என் தங்கச்சி போனா. இன்னிக்கு நான் இங்கதான் நிக்கறேன்."

மிச்சமிருந்த நேரத்தைப் பயன்படுத்தாமல் தொலைபேசியைத் தங்கையிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, ஒரு சின்ன நாற்காலியை இழுத்துப்போட்டு, முழங்கால் நெஞ்சைத் தொட உட்கார்ந்து, சூப்பு ஆயிடுச்சா என்று கேட்டான்.